குட்டை ஆஸ்டர்

நம் ஊர்ப் பூக்கடைகளிலும் விதைக்கடைகளிலும் ஆஸ்டர் என்ற பெயரில் கிடைப்பது பெரும்பாலும் சீன ஆஸ்டர் ஆகும். தாவரவியல் பெயர் கலிஸ்டெபஸ் சைனென்சிஸ். சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது; ஒரே பருவத்தில் பூத்து முடிந்துவிடும். கிரேக்க மொழியில் ஆஸ்டர் என்றால் விண்மீன். 1753இல் லின்னேயசு இதனை ஆஸ்டர் பேரினத்தில் சேர்த்தார். பிற்காலத்தில் தனிப் பேரினமாகப் பிரிக்கப்பட்டபோதும் பழைய பெயரே வழக்கில் நின்றுவிட்டது. 18ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து விதை பாரிசுக்குப் போனது. பிரெஞ்சில் இதற்கு 'ரெய்ன் மார்கரித்' என்று பெயர்.

மேலைநாட்டுத் தோட்ட நூல்களில் படத்துடன் காணப்படும் குட்டை ஆஸ்டர்கள் வேறு. அவை பல ஆண்டு வாழ்பவை; குளிர்காலத்தில் அடங்கி, வசந்தத்தில் மீண்டும் துளிர்ப்பவை. வில்லியனூர், பாகூர் போன்ற வெப்பமான ஊர்களில் அவற்றுக்காக மெனக்கெட வேண்டாம்.

பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட காமினி, பூர்ணிமா, சஷாங்க் ஆகியவை பூ வியாபாரத்திற்கான உயர்ந்த வகைகள். வீட்டுப் பாத்திக்கும் தொட்டிக்கும் 20 முதல் 30 செ.மீ. உயரமே வளரும் 'மிலேடி' போன்ற குட்டை வகைகள் பொருந்தும்.

புதுச்சேரிப் பகுதியில் இச்செடியின் வாழ்வும் சாவும் நாட்காட்டியில்தான் இருக்கிறது. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்க்கிறது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் பெய்தது. ஆஸ்டரின் வேர் ஆழம் போகாது. தேங்கிய நீரில் விரைவில் அழுகும். மார்ச்சுக்குப் பின்னரோ வெயில் பூவைக் கருக்கும். ஆகவே நவம்பர் தொடக்கத்தில், மழைச் சாரல் படாத தாழ்வாரத்தில், குழித்தட்டில் விதைக்க வேண்டும். ஏழு முதல் பத்து நாளில் முளைக்கும். நான்கைந்து இலை வந்த நாற்றைப் பெருமழை ஓய்ந்த டிசம்பர் பிற்பாதியில் நட்டால், பிப்ரவரியில் பூக்கும். அக்டோபரில் பூத்த செடியை விலைக்கு வாங்கி வெளியே வைப்பது மழைக்குக் காசு கொடுப்பதுதான்.

பாகூரின் நெல்வயல் களிமண்ணில் ஒரு சாண் உயர மேட்டுப்பாத்தி கட்டாயம். மக்கிய தொழுவுரமும் சிறிது மணலும் கலந்து, செடிக்குச் செடி 20 செ.மீ. விட்டு நடலாம். ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும். களை எடுக்கும்போது ஆழமாகக் கொத்தினால் மேலோட்டமான வேர் அறுபடும். கையால் பிடுங்கி, வைக்கோல் மூடாக்கு இடுவதே நல்லது. தண்ணீரைக் காலையில், இலை நனையாமல் அடியில் ஊற்றவும்.

பெரும் பகை வாடல் நோய். இது மண்ணில் வாழும் ஃபியூசேரியம் பூஞ்சையால் வருகிறது. அடியிலைகள், பல நேரம் ஒரு பக்கமாக, மஞ்சளாகும். தண்டைக் கீறினால் உள்ளே பழுப்புக் கோடு தெரியும். தண்ணீர்க் குறை என்று எண்ணி மேலும் ஊற்றுவோர் பலர், அதனால் பயனில்லை. செடியை வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டும். பூஞ்சை மண்ணில் பல ஆண்டுகள் தங்குவதால், அதே பாத்தியில் அடுத்த ஆண்டு ஆஸ்டர் வைக்கக் கூடாது. நடும் முன் தொழுவுரத்துடன் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து இடுவது ஓரளவு காக்கும். தத்துப்பூச்சி பரப்பும் மஞ்சள் நோயில் பூக்கள் பச்சையாகித் திரிந்துபோகும்; அதற்கும் பிடுங்குவதே வழி.

வாடிய பூக்களைக் கிள்ளினால் மீதி மொட்டுகள் நன்கு விரியும். சாமந்தியைப் போல் கட்டையிலிருந்து மறுபடி தழைக்கும் என்று காத்திருக்க வேண்டாம். விதைக்காக இரண்டு மூன்று பூக்களைச் செடியிலேயே முற்றவிட்டு, உலர்த்தி, காற்றுப் புகாத புட்டியில் வைக்கலாம். முளைப்புத் திறன் விரைவாகக் குறைவதால் அதே ஆண்டு நவம்பரிலேயே விதைத்துவிட வேண்டும்.