கல்லாவில் வைக்காத அமானிதம்



நம் மஹல்லாவில் வியாபாரத் தொடர்பு இல்லாத குடும்பம் குறைவு. துணிக்கடை, செல்போன் கடை, ஜெராக்ஸ் கடை, லேடீஸ் டெய்லர், உம்ரா டிராவல்ஸ், வீட்டிலிருந்தே பிரியாணி ஆர்டர் எடுக்கும் சகோதரிகள் என ஏதாவது ஒன்று இருக்கும். இவர்கள் அனைவரிடமும் பணத்தோடு இன்னொன்றும் தினமும் சேர்கிறது: வாடிக்கையாளரின் பெயர், போன் நம்பர், முகவரி, ஆதார் நகல், பாஸ்போர்ட் படம். கல்லாவில் நூறு ரூபாய் குறைந்தால் இரவு கணக்கு முடிக்கும்போதே தெரிந்துவிடும். ஆதார் படம் ஒன்று வெளியே போனால் தெரியாது. எடுத்தவன் நகலைத்தான் கொண்டுபோகிறான், படம் நம் போனில் அப்படியே இருக்கிறது.

ஹிஜ்ரத் புறப்பட்ட இரவில், தம்மைக் கொல்லத் திட்டமிட்ட ஊரார் ஒப்படைத்திருந்த பொருள்களைக்கூட உரியவர்களிடம் சேர்ப்பிக்க அலீ (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் விட்டுச் சென்றதை ஜும்ஆ பயான்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். அமானிதம் என்றதும் நகையும் பணமும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஒரு பெண் நம்பிச் சொன்ன போன் நம்பரும் அமானிதம்தான்.

செல்போன் ரீசார்ஜ் கடையின் நோட்டையே எடுத்துக்கொள்வோம். யார் வேண்டுமானாலும் புரட்டும்படி மேசைமேல் கிடக்கும். உத்தரப் பிரதேசத்தில் ரீசார்ஜ் கடைகளிலிருந்து பெண்களின் நம்பர்கள் விலைக்குப் போனது 2017இல் பெரிய செய்தியாக வந்தது. முன்பின் தெரியாதவன் இரவில் போன் செய்து தொல்லை தந்தால், வீட்டில் முதலில் விசாரணைக்கு உள்ளாவது அந்தப் பெண்தான். சில வீடுகளில் போனையே பறித்துவிடுவார்கள், படிப்பும் நிற்கும். கடையில் ஒரு நோட்டு திறந்து கிடந்ததற்கு இவ்வளவு பெரிய விலை. லேடீஸ் டெய்லரின் அளவு நோட்டிலோ பெயரும் நம்பரும் உடலளவும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. அதை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்ட எந்தச் செலவும் இல்லை. பெயரோடு அளவைச் சேர்க்காமல் பில் நம்பரை மட்டும் எழுதுவது இன்னும் நல்லது.

உம்ரா டிராவல்ஸ் நடத்தும் சகோதரர்களுக்குச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு குரூப்பில் நாற்பது பேர் என்றால் நாற்பது பாஸ்போர்ட், நாற்பது போட்டோ, பெரும்பாலும் ஆதாரும் சேர்ந்து வாட்ஸ்அப்பில் வருகின்றன. வந்ததும் அவை போன் கேலரியில் தானாகவே சேமிக்கப்படும். அங்கிருந்து ஆபீஸ் கம்ப்யூட்டருக்கும், விசா எடுத்துத் தரும் அடுத்த ஏஜென்டுக்கும், சில நேரம் பிரிண்ட் எடுக்கப் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கும் போகின்றன. ஹாஜிகள் ஊர் திரும்பி ஜம்ஜம் தண்ணீர் கொடுத்து முடித்து இரண்டு வருடம் ஆனாலும், அவர்களுடைய பாஸ்போர்ட் நான்கு இடங்களில் கிடக்கும். பெயர், பிறந்த தேதி, முகவரி, முகம் எல்லாம் ஒன்றாகக் கிடைத்தால், அவர் பெயரில் வேறொருவன் சிம் கார்டோ ஆன்லைன் கடனோ வாங்க முயல்வான். கடன் வசூல்காரன் கதவைத் தட்டும்போதுதான் வீட்டாருக்கே தெரிய வரும்.

இதற்குப் பெரிய சாஃப்ட்வேர் எதுவும் தேவையில்லை. வாட்ஸ்அப்பில் படங்கள் கேலரியில் சேர்வதை செட்டிங்ஸில் நிறுத்திவிடலாம். ஆவணங்களைக் கடைக்கென்று தனியாக வைத்த போனிலோ மெயிலிலோ மட்டும் வாங்கலாம். பிள்ளைகள் கேம் விளையாடும் போன் அதற்கு ஆகாது. பயணம் முடிந்ததும், கணக்குக்கும் சட்டத்துக்கும் வேண்டியவை போக மற்றதை அழிக்க ஒரு தேதி குறித்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டு ஆறு இலக்க பின் வைப்பது மிக அவசியம். கடையின் வாட்ஸ்அப்பை ஒருவன் கைப்பற்றினால், நம் பெயரிலேயே வாடிக்கையாளர்களிடம் பணம் கேட்பான். நம் கடை என்று நம்பி அவர்களும் அனுப்பிவிடுவார்கள். வேலையை விட்டுப் போகும் பையனைச் சந்தேகிக்க வேண்டாம். ஆனால் அன்றைக்கே பாஸ்வேர்டுகளை மாற்றி, கம்ப்யூட்டரில் திறந்திருக்கும் வாட்ஸ்அப்பை லாக் அவுட் செய்துவிடுங்கள். பழைய போனை விற்கும் முன் அதை முழுவதும் அழித்துக் கொடுங்கள்.

சட்டமும் இப்போது வந்துவிட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகளை நிறைவேற்றப் பதினெட்டு மாத அவகாசம் உண்டு. எதற்காக விவரம் கேட்கிறோம் என்று சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். அந்த அறிவிப்பைத் தமிழிலேயே தரும்படி வாடிக்கையாளர் கேட்கலாம். நோக்கம் முடிந்ததும் விவரத்தை அழிக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழ் இருந்தால் பெற்றோர் சம்மதம் தேவை, டியூஷன் சென்டர்கள் இதைக் கவனிக்கவும். விவரம் கசிந்தால் உரியவருக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தெரிவிக்க வேண்டும். காகித நோட்டு இதில் வராது, அதையே போட்டோ எடுத்து போனில் ஏற்றிவிட்டால் வரும்.

போதிய பாதுகாப்பு வைக்காததற்கு அபராத உச்சவரம்பு 250 கோடி ரூபாய். பெட்டிக்கடைக்காரர் இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தவறின் தன்மையையும் அளவையும் பார்த்தே தொகையை முடிவு செய்வார்கள். எங்களுக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. அந்த அபராதம் அரசின் தொகுப்பு நிதிக்குத்தான் போகிறது, பாதிக்கப்பட்டவர் கைக்கு வருவதில்லை. ஆகவே விவரம் வெளியே போகாமல் காப்பதுதான் நமக்கு உள்ள நல்ல வழி.

வாடிக்கையாளராக நிற்கும்போது நாமும் கொஞ்சம் கேட்கப் பழக வேண்டும். அடையாளம் காட்டினாலே போதும் என்ற இடத்தில் ஆதார் நகலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்தில் இலவசமாக எடுக்கலாம். அதை ஏற்பார்களா என்று கேட்டுப் பாருங்கள். நகலின் குறுக்கே “உம்ரா விசாவுக்கு மட்டும்” என்று தேதியோடு எழுதிக் கையெழுத்திடுங்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்பதை மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம், தெரியாத நம்பர் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்தப் பணத்தை வங்கியில் முடக்கி வைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.

நம் அறக்கட்டளையிலும் விதவைகள், நோயாளிகள், கல்வி உதவி கேட்கும் மாணவர்கள் எனப் பலருடைய விவரங்கள் இருக்கின்றன. யார் உதவி பெற்றார் என்பது அவரும் நாங்களும் மட்டும் அறிய வேண்டியது. வரும் ரமலான் உதவி விண்ணப்பத்தில் ஆதார் நகல் கேட்கப்போவதில்லை. அசலைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். உதவி வழங்கும்போது பயனாளிகளைப் போட்டோ எடுப்பதும் இராது. முன்பு கொடுத்த நகல்களைத் திரும்பப் பெற விரும்புவோர் அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகத்துக்கு வந்து பெற்றுக்கொள்ளலாம்.