கோட்டைக்கு அடியில் உழவு நிலம்

இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் இடையே கிடக்கும் எல்லைப் பகுதிக்கு மார்ச்சஸ் என்று பெயர். 1066-இல் இங்கிலாந்தைக் கைப்பற்றிய நார்மன் மன்னர் முதலாம் வில்லியம், செஸ்டர், ஷ்ரூஸ்பரி, ஹெரிபோர்டு ஆகிய மூன்று இடங்களில் தமக்கு நெருக்கமான பிரபுக்களை அமர்த்தி, இந்த எல்லையை அவர்கள் பொறுப்பில் விட்டார். அவர்களும் அவர்களுக்குக் கீழிருந்தவர்களும் ஏராளமான கோட்டைகளைக் கட்டினார்கள். தொடக்கத்தில் பெரும்பாலானவை கல்லால் ஆனவை அல்ல. மண்ணைக் குவித்து மேடாக்கி, உச்சியில் மரக் கோபுரம் நிறுத்தி, பக்கத்தில் அகழி சூழ்ந்த முற்றம் அமைப்பதே வழக்கம். மரம் மக்கிப்போனாலும், மேடுகள் புல் மூடி இன்றும் நிற்கின்றன.

கோட்டை என்றால் போர், தேவாலயம் என்றால் சிற்பம் என்று தனித்தனியாகப் பார்த்துவந்த பழக்கத்தை நிலத்தோற்றத் தொல்லியல் மாற்றியது. அது கோட்டை, தேவாலயம், ஊர், வயல், பாதை எல்லாவற்றையும் ஒரே ஏற்பாட்டின் உறுப்புகளாகப் பார்க்கிறது. சாய்வெயிலில் எடுத்த வான்படங்களில் தாழ்ந்த கரைகளின் நிழல்கூடத் தெரியும். லைடார் என்னும் லேசர் அளவீடு மரங்களுக்கு அடியிலுள்ள மேடு பள்ளங்களையும் காட்டிவிடும்.

ஹெரிபோர்டுஷயரின் கில்பெக் இதற்கு நல்ல சான்று. 1140-ஐ ஒட்டிக் கட்டப்பட்ட அதன் செந்நிற மணற்கல் தேவாலயம் சிற்பங்களுக்குப் பேர்போனது. வருகிறவர்களில் பலர் வாசலின் பாம்புகளையும் கூரையடி முகங்களையும் ரசித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் தேவாலயத்தை ஒட்டி மேற்கே கோட்டை மேடு, மறுபுறம் கரை சூழ்ந்த பழைய ஊரின் தடங்கள். மூன்றும் சேர்ந்ததுதான் கில்பெக். வழிபடப் போகிறவர் பிரபுவின் மேட்டைப் பார்க்காமல் போக முடியாது. புதிய ஆதிக்கத்தை ஊராருக்கு நாள்தோறும் நினைவூட்ட இந்த நெருக்கமே போதுமானதாக இருந்திருக்கும்.

மண்ணுக்குள் இன்னும் பழைய கதையைச் சொல்வது வேல்ஸ் எல்லையின் மான்ட்கோமரி ஊருக்கு அருகிலுள்ள ஹென் டோமென். 1070-களில் நார்மன் பிரபு ரோஜர் டி மான்ட்கோமரி எழுப்பிய இந்த மரக் கோட்டையை, 1960-இலிருந்து தொல்லியலாளர் பிலிப் பார்க்கரும் பின்னர் ராபர்ட் ஹையாமும் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொறுமையாக அகழ்ந்தார்கள். கட்டடங்கள் நெருக்கமாக நின்று, திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்பட்டிருந்தன. ஆனால் விலையுயர்ந்த பொருள் என்று சொல்ல அதிகம் கிடைக்கவில்லை. எல்லைப் பிரபுவின் வாழ்க்கை அத்தனை சொகுசாக இல்லைபோலும்.

கோட்டைக் கரையின் அடியில், நார்மன்களுக்கு முந்தைய உழவின் வரிசையான பாத்திகள் வெளிப்பட்டன. நிலங்களின் விவரங்களைக் கொண்டு 1086-இல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே பதிவேடோ, அங்கே நிலம் தரிசாகக் கிடந்து வேட்டைக்குப் பயன்பட்டது என்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், விளைந்த நிலம் எல்லைச் சண்டைகளால் கைவிடப்பட்டு, அதன் பிறகே கோட்டை வந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. பதிவேட்டை மட்டும் படித்தவருக்கு அந்த உழவு தெரிந்திருக்காது.

1223-இல் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஹென்றி அருகிலிருந்த பாறைக்குன்றில் கல் கோட்டையைத் தொடங்க, அதன் அடிவாரத்தில் தேவாலயத்தோடு புதிய ஊர் உருவாயிற்று. ஹென் டோமென் கடைசிவரை மரக் கோட்டையாகவே இருந்து, மெல்ல வெறுமையானது.