கணிப்பொறிக்குக் காவல் யார்?

பேரிகையிலிருந்து ஓசூர்த் தொழிற்பேட்டைக்கும், கர்நாடக எல்லை தாண்டிப் பெங்களூருக்கும் பலர் வேலைக்குச் செல்கின்றனர். அங்குள்ள ஆலைகளில் சம்பளக் கணக்கும் சரக்கிருப்பும் இன்று கணிப்பொறியில்தான். அக்கணிப்பொறிகளைப் பழுதின்றிக் காப்பவர் யார்? பல ஆலைகள் அப்பணியை வெளி நிறுவனம் ஒன்றிடம் மாதக் கட்டணத்துக்கு ஒப்படைத்துவிடுகின்றன. இதுவே கணிப்பொறிப் பராமரிப்புச் சேவை எனப்படும்.

முன்பெல்லாம் பழுது நேர்ந்த பின்னரே பொறியாளருக்குத் தொலைபேசி அழைப்பு வரும். இப்போது கணிப்பொறிக்குள்ளேயே ஒரு சிறு கண்காணிப்பு நிரல் குடியிருக்கிறது. வட்டு நிரம்புகிறதா, வெப்பம் ஏறுகிறதா என அளந்து மைய நிலையத்துக்கு அறிவிக்கிறது. "வட்டு 90 விழுக்காடு நிரம்பினால் தற்காலிகக் கோப்புகளை அழி" என்று முன்கூட்டியே கட்டளை எழுதிவைத்தால், நள்ளிரவிலும் மனிதர் கைபடாமல் வேலை முடிந்துவிடும். இத்தகைய மென்பொருள் நம் நாட்டிலும் உருவாகிறது. அட்வென்ட்நெட் என்ற பெயரில் 1996-இல் தொடங்கிய சோஹோ நிறுவனம், 'மேனேஜ்என்ஜின்' என்ற பெயரில் இவற்றை உலகெங்கும் விற்கிறது.

இதனால் தொழிலின் கணக்கே மாறுகிறது. ஆள் எண்ணிக்கையையும் உழைத்த நேரத்தையும் வைத்துக் கட்டணம் பெற்ற நிலை போய், காக்கப்படும் கணிப்பொறிகளின் எண்ணிக்கைக்கேற்பக் கட்டணம் பெறும் முறை பரவுகிறது. கடவுச்சொல்லை மாற்றித் தருவது போன்ற எளிய வேலைகளை இயந்திரமே செய்கிறது. இளைஞர்கள் முதன்முதலில் தொழில் பழகியது இவ்வேலைகளில்தான் என்பதை மறக்கலாகாது.

அப்படியானால் மனிதர் தேவையில்லையா? 2024 ஜூலை 19 அன்று நடந்ததைப் பாருங்கள். கிரவுட்ஸ்டிரைக் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்குப் பிழையுள்ள ஒரு கோப்பு தானாகவே அனுப்பப்பட்டது. 78 நிமிடங்களில் அது திரும்பப் பெறப்பட்டது. ஆயினும் அதற்குள் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் முடங்கின. இந்திய விமான நிலையங்களில் விமானம் ஏறுவதற்கான அனுமதிச் சீட்டுகளைக் கையால் எழுதித் தந்தனர். முடங்கிய கணிப்பொறிக்குத் திருத்தத்தை அனுப்ப வழியேது? பல இடங்களில் பொறியாளர்கள் ஒவ்வொன்றின் முன்னும் அமர்ந்து அக்கோப்பைக் கையால் நீக்க வேண்டியதாயிற்று.

ஒருவர் கையால் செய்யும் பிழை ஒரு கணிப்பொறியோடு நிற்கும். தானியங்கிக் கட்டளையின் பிழையோ ஒரே நேரத்தில் எங்கும் பரவும். எனவே எந்த மாற்றத்தையும் முதலில் சில கணிப்பொறிகளில் சோதித்த பின்னரே மற்றவற்றுக்கு அனுப்ப வேண்டும். கட்டளையை எழுதவும், அதை ஐயுற்றுச் சோதிக்கவும், தவறினால் நிறுத்தவும் அறிந்தவரையே இனி இத்தொழில் தேடும். மாணவர்களே, பொத்தான்களின் வரிசையை மனப்பாடம் செய்வதோடு நில்லாமல், கணிப்பொறி இயங்கும் முறையையும் கற்றுக்கொள்ளுங்கள்.