அஞ்சல்வழிப் புத்தகச் சங்கம்: சேர்வது பயன் தருமா?

ஊரப்பாக்கத்தில் வாழும் நாம், நல்ல நூல்களைப் புரட்டிப் பார்த்து வாங்க விரும்பினால் பெரும்பாலும் மின்சார ரயிலேறிச் சென்னைக்கே செல்கிறோம். வீட்டுக்கே நூலனுப்பும் சங்கத்தில் சேர்ந்தால் என்ன என்னும் எண்ணம் எழுவது இயல்பே.

தள்ளுபடியை மட்டும் கருதினால் ஆதாயம் சிறிது. 2024 டிசம்பரில் அஞ்சல் துறை, குறைந்த கட்டணத்திலான பதிவு நூலஞ்சல் சேவையை நிறுத்திவிட்டது. இனி அனுப்பும் செலவே தள்ளுபடியை விழுங்கிவிடக்கூடும்.

எனினும், இத்தகைய அமைப்பின் மெய்யான பயன் வேறு. தீரர் சத்தியமூர்த்தியின் புதல்வியார் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி 1960களில் சென்னையில் தொடங்கிய ‘வாசகர் வட்டம்’, உறுப்பினர்களைச் சேர்த்து நூல்களை வெளியிட்டது. லா.ச.ராமாமிர்தத்தின் ‘புத்ர’ (1965), சா.கந்தசாமியின் ‘சாயாவனம்’ ஆகியவை அதன் வெளியீடுகள். இரண்டுமே அவ்வாசிரியர்களின் முதல் நாவல்கள். தாமாகத் தேடியிராத படைப்புகளை, தேர்ந்தெடுத்தவரின் மீதுள்ள நம்பிக்கையால் வாசகர்கள் பெற்றனர்.

ஆகவே, சேருமுன் மூன்றை ஆராய்வோம்: சங்கம் முன்னர் அனுப்பிய நூல்களின் பட்டியல், அஞ்சற்செலவு உள்ளிட்ட மொத்த விலை, வேண்டாத நூலை மறுக்கும் உரிமை. அப்பட்டியலில் பாதியேனும் நம் அறிவை விரிப்பதாயின் தயங்காது சேரலாம். இல்லையேல், அத்தொகையுடன் மாதமொருமுறை ரயிலேறுவதே நன்று.