அணியின் பெயரால் ஓர் ஆய்வு

அறிவியல் கட்டுரை ஒன்றின் தலைப்பிற்குக் கீழே அதனை எழுதியோரின் பெயர்கள் வரிசையாக இடம்பெறுவது வழக்கம். உயிரியல் துறையில் பெரும்பாலும் சோதனைகளைச் செய்தவர் முதலிலும், ஆய்வகத்தை நடத்துபவர் கடைசியிலும் வருவர். அந்த இரண்டு இடங்களுக்காக ஆய்வாளர்களிடையே மனக்கசப்பு தோன்றுவதும் உண்டு. 2013ஆம் ஆண்டு ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ என்னும் இதழில் வாய்ப் புற்றுநோய் பற்றிய இந்தியக் கட்டுரை ஒன்று வெளிவந்தது. அதில் தனி ஒருவர் பெயரும் முன்னிறுத்தப்படவில்லை. ‘பன்னாட்டுப் புற்றுநோய் மரபணுத்தொகுதிக் கூட்டமைப்பின் இந்தியத் திட்ட அணி’ என்பதே ஆசிரியர் பெயராக அச்சிடப்பட்டது. இவ்வாறு எல்லாரும் ஒரே பெயரின்கீழ் நிற்க இசைந்தது எதனால் என்பதை அறிய, அவ்வணி செய்த வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மனித உடல் உயிரணுக்களால் ஆனது. ஓர் உயிரணு எப்போது பெருக வேண்டும், எப்போது நிற்க வேண்டும், எப்போது மடிய வேண்டும் என்னும் கட்டளைகள் அதனுள் இருக்கும் டி.என்.ஏ. என்ற நீண்ட இழையில் எழுதப்பட்டுள்ளன. நான்கு வகை எழுத்துகளே மாறிமாறி வரும் அவ்விழையின் நீளம் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். புகையிலை, கதிர்வீச்சு முதலியவற்றாலும், உயிரணு பெருகும்போது தற்செயலாக நேரும் பிழைகளாலும் அவ்வெழுத்துகளுள் சில மாறிவிடுகின்றன. பெரும்பாலான மாற்றங்களால் தீங்கு இல்லை. ஆனால் ‘நில்’ என்னும் கட்டளை அழிந்துபோனால் உயிரணு அடங்காமல் பெருகத் தொடங்குகிறது. இத்தகைய மாற்றங்கள் பல ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும்போது புற்றுநோய் உண்டாகிறது.

எந்தப் புற்றுநோயில் எந்தக் கட்டளைகள் கெடுகின்றன என்று பட்டியலிடுவது ஒரு நாட்டால் மட்டும் முடிகிற வேலையா? 2008ஆம் ஆண்டில் பல நாடுகள் கூடிப் பன்னாட்டுக் கூட்டமைப்பு ஒன்றைத் தொடங்கின. 50 வகைப் புற்றுநோய்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் 500 நோயாளிகளின் கட்டிகளை ஆராய்வது அதன் இலக்கு. நாடுகள் வேலையைப் பகிர்ந்துகொண்டன. சீனா இரைப்பைப் புற்றையும், ஜப்பான் கல்லீரல் புற்றையும் ஏற்றன. இந்தியா வாய்ப் புற்றை ஏற்றது.

இந்தத் தெரிவிற்குக் காரணம் உண்டு. இந்திய ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் வாய்ப் புற்று முன்னிற்கிறது. மேலை நாடுகளில் இந்நோய் பெரும்பாலும் நாக்கிலும் நாக்கின் கீழுள்ள வாய்த்தளத்திலும் வருகிறது. இந்தியாவிலோ கீழ் ஈறும் உட்கன்னமும் சந்திக்கும் பள்ளத்தில் மிகுதியாக வருகிறது. புகையிலையையும் குட்காவையும் மெல்வோர் அவற்றை அடக்கிவைக்கும் இடம் அதுவேயாகும். வெற்றிலை பாக்கு தமிழர் வீடுகளில் விருந்தோம்பலின் அடையாளம். தட்டில் அது இல்லாத மங்கல நிகழ்ச்சி இல்லை. ஆயினும் புகையிலை சேராத வெற்றிலைப்பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004ஆம் ஆண்டிலேயே வெளியிட்டுவிட்டது. அங்கே குற்றவாளி பாக்கு.

இந்திய ஆய்வை இரண்டு நிறுவனங்கள் இணைந்து நடத்தின. ஒன்று, மேற்கு வங்கத்தின் கல்யாணி நகரில் உள்ள தேசிய உயிர்மருத்துவ மரபணுத்தொகுதியியல் நிறுவனம். (மும்பைக்கு அருகிலுள்ள கல்யாண் வேறு, கல்யாணி கொல்கத்தாவிற்கு அருகில் உள்ளது.) மற்றொன்று, நவி மும்பையின் கார்கரில், டாட்டா நினைவு மையத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு மையம். கல்யாணி நிறுவனத்தின் முதல் இயக்குநரான பார்த்த மஜும்தார் புள்ளியியல் பயின்று மரபியலுக்கு வந்தவர். கார்கர் மையத்தின் ராஜீவ் சரீன் கதிர்வீச்சு மருத்துவத்தால் புற்றுநோயாளிகளுக்குச் சிகிச்சை அளிப்பவர். எண்களை அறிந்தவரும் நோயாளிகளை அறிந்தவரும் சேர்ந்து தலைமை ஏற்றது இந்த ஆய்வின் பெரும்பேறு எனலாம்.

அறுவைசிகிச்சையில் அகற்றப்படும் கட்டியின் சிறு துண்டிலிருந்து இத்தகைய வேலை தொடங்குகிறது. அதற்கு முன்பே நோயாளியிடம் ஆய்வின் நோக்கத்தை அவருக்குப் புரியும் மொழியில் விளக்கி இசைவு பெற வேண்டும். “இதனால் எனக்கு நன்மை உண்டா?” என்று அவர் கேட்டால், “உங்களுக்கு இல்லாமலும் போகலாம், பின்னர் வருவோருக்கு இருக்கலாம்” என்பதே நேர்மையான விடை. வலியோடு இருக்கும் ஒருவரிடம் இதைச் சொல்வது எளிதன்று. அதைக் கேட்ட பின்னும் இசைபவர்களாலேயே ஆய்வு நடைபெறுகிறது. அவர்தம் பெயர் எங்கும் வெளியிடப்படுவதில்லை. ஒரு குறியீட்டு எண் மட்டுமே உடன் செல்லும்.

எடுத்த துண்டை உடனே உறையவைக்க வேண்டும். தாமதித்தால் அதிலுள்ள மூலக்கூறுகள் சிதைந்துவிடும். இதற்குப் பயன்படும் திரவ நைட்ரஜனின் வெப்பநிலை −196 டிகிரி செல்சியஸ். பிறகு நோய்க்குறியியல் வல்லுநர் அத்துண்டை நுண்ணோக்கியில் பார்த்து, அதில் போதிய அளவு புற்று உயிரணுக்கள் உள்ளனவா என்று தீர்மானிப்பார். நல்ல உயிரணுக்களே மிகுந்திருந்தால் அத்துண்டு ஆய்வுக்கு உதவாது. தேர்ந்த துண்டிலிருந்து டி.என்.ஏ. பிரிக்கப்பட்டு, எழுத்துகளைப் படிக்கும் கருவிக்குச் செல்லும். அது தரும் விவரங்களைக் கணினி வல்லுநர்கள் அடுக்கிப் பார்ப்பர். அறுவை அரங்கில் ஒரு குடுவைக்குத் தவறான எண் ஒட்டப்பட்டுவிட்டால், எத்தனை சிறந்த கணினி வல்லுநராலும் அதைச் சரிசெய்வது அரிது. செவிலியரும் பேராசிரியரும் ஒரே சங்கிலியின் கண்ணிகள்.

நாட்டின் இரு ஓரங்களில் இருக்கும் இரண்டு நிறுவனங்கள் இவ்வாறு இயங்க வேண்டுமானால், யார் எதை எப்படிச் செய்வது, கிடைக்கும் விவரங்கள் யாருக்கு உரியவை, முடிவுகளை யார் பெயரில் வெளியிடுவது என்பனவற்றை முதலிலேயே பேசி முடித்துவிட வேண்டும். கூட்டாய்விற்குத் தலைமை ஏற்பவரின் உழைப்பில் பெரும்பகுதி இதற்கே செலவாகும். செய்தித்தாள்கள் இதைப் பற்றி எழுதுவதில்லை.

ஒவ்வொரு நோயாளியிடமிருந்தும் கட்டியோடு சிறிதளவு இரத்தமும் பெறப்படுகிறது. இரண்டிலும் உள்ள எழுத்துகள் ஒப்பிடப்படுகின்றன. இரத்தத்திலும் காணப்படும் வேறுபாடு அவர் பிறப்பிலேயே பெற்றது. கட்டியில் மட்டும் காணப்படுவது நோயோடு வந்தது. ஆயினும் நோயோடு வந்த மாற்றங்கள் யாவும் நோயை உண்டாக்கியவை ஆகா. பேருந்தில் ஓட்டுநர் ஒருவர், பயணிகள் பலர் அல்லவா? அதுபோலச் சில மாற்றங்களே நோயைச் செலுத்துகின்றன. மற்றவை உடன் வருகின்றன. ஓட்டுநரைக் கண்டுபிடிப்பது எப்படி? ஒருவரிடம் மட்டும் காணப்படும் மாற்றம் தற்செயலாக இருக்கலாம். ஒரே மரபணு பலரிடமும், தற்செயலாக நேரக்கூடிய அளவைவிட மிகுதியாக மாறியிருந்தால் அதுவே ஐயத்திற்கு உரியது. புள்ளியியல் பயின்றவரின் தேவை இவ்விடத்தில் விளங்கும்.

இந்திய அணி முதலில் 50 நோயாளிகளின் டி.என்.ஏ.வில் புரதங்களுக்கான பகுதிகளை முழுமையாகப் படித்தது. இப்பகுதிகள் முழு இழையில் நூற்றில் இரண்டு பங்கிற்கும் குறைவானவை. ஐயத்திற்குரிய மரபணுக்கள் கிடைத்தவுடன் அணியினர் வெளியிட விரைந்துவிடவில்லை. மேலும் 60 நோயாளிகளிடம் அம்மரபணுக்களைச் சோதித்தனர். முதல் 50 பேரிடம் கண்டது தற்செயலாக இருந்திருந்தால், அடுத்த 60 பேரிடம் அது மீண்டும் தோன்றியிராது.

தலை, கழுத்துப் புற்றுகளில் பிற நாட்டினர் முன்னரே கண்டிருந்த மரபணுக்கள் சில இங்கும் மாறியிருந்தன. மரபணுத்தொகுதியின் காவலன் எனப்படும் டி.பி.53 அவற்றுள் ஒன்று. பழுதுற்ற உயிரணுவைத் தானே மடியச் செய்யும் காஸ்ப்8 மற்றொன்று. இவற்றோடு, இந்திய நோயாளிகளின் ஈறு, கன்னப் புற்றுக்கே உரியனவாக யு.எஸ்.பி.9எக்ஸ், ஆரிட்2 உள்ளிட்ட ஐந்து மரபணுக்களும் சுட்டப்பட்டன. பிற நாட்டு நோயாளிகளை மட்டுமே ஆராய்ந்திருந்தால் இவை கண்ணில் பட்டிருக்க வாய்ப்பில்லை. வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலத் தெரியும் இந்நோய், உள்ளே சில உட்பிரிவுகளாகப் பிரிந்திருப்பதும் தெரியவந்தது.

கூட்டமைப்பின் விதிப்படி, நோயாளியின் அடையாளத்தை வெளிப்படுத்தாத விவரங்கள் உலக ஆய்வாளர் அனைவருக்கும் திறந்துவைக்கப்படும். அடையாளத்தை உணர்த்தக்கூடியவை அனுமதி பெற்றோருக்கு மட்டும் வழங்கப்படும்.

ஒரு மரபணு மாறியிருப்பதை அறிவதற்கும் அதற்கு மருந்து காண்பதற்கும் இடையே நெடுந்தொலைவு உண்டு. அந்த மாற்றம் உயிரணுவினுள் என்ன செய்கிறது, அதைத் தடுத்தால் கட்டி சுருங்குமா, நல்ல உயிரணுக்களுக்குத் தீங்கு நேருமா என்று ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். அவ்வேலை, கண்ணாடித் தட்டுகளில் உயிரணுக்களை வளர்க்கும் ஆய்வகங்களுக்கு உரியது. எங்கிருந்து தொடங்குவது என்பதற்கான பட்டியல் 2013ஆம் ஆண்டிலிருந்து அவர்கள் கையில் உள்ளது.