பாட்டு நல்லா கேக்குது, மீட்டிங்ல மட்டும் ஏன் கிணத்துக்குள்ள?

லினக்ஸ்ல ப்ளூடூத் ஹெட்செட் மாட்டுறவங்க அடிக்கடி சொல்ற குறை இது: பாட்டு அருமையா கேக்குது, மீட்டிங் ஆரம்பிச்சதும் எல்லார் குரலும் கிணத்துக்குள்ள இருந்து வருது. மோகனூர் மாதிரி ஊர்ல இருந்து ஆன்லைன் இன்டர்வியூ குடுக்குறவங்களுக்கு இது சின்ன விஷயம் இல்ல. கேள்வி காதுல சரியா விழலைன்னா, பதில் தெரியலைன்னுதான் எதிர்ல இருக்கிறவர் நினைப்பார்.

முதல்ல இணைக்கிறது. போன்ல ப்ளூடூத்தை அணைச்சுடுங்க, இல்லைன்னா ஹெட்செட் அங்கேயே ஓடிடும். ஹெட்செட் பட்டனை லைட் மினுக்குற வரைக்கும் அழுத்திப் பிடிங்க. செட்டிங்ஸ்ல பேர் வந்தா கிளிக் பண்ணுங்க. வரலைன்னா டெர்மினல்ல ப்ளூடூத்சிடிஎல் திறந்து 'ஸ்கேன் ஆன்' குடுங்க, ஹெட்செட்டோட முகவரி தெரியும். அதைப் போட்டு 'பேர்', 'ட்ரஸ்ட்', 'கனெக்ட்' கமாண்டுகளை வரிசையா குடுங்க. 'ட்ரஸ்ட்' குடுத்தாதான் அடுத்த தடவை ஹெட்செட் தானா வந்து சேரும்.

இப்போ அந்தக் கிணத்துச் சத்தம். மோகனூர்-வாங்கல் காவிரிப் பாலத்தை நினைச்சுக்கோங்க. முழுப் பாலத்தையும் ஒருவழி ஆக்கினா வண்டி தாராளமா போகும். எதிர்ப்பக்கமும் வரணும்னா இடத்தைப் பங்கு போடணும். ப்ளூடூத்லயும் அதே கதைதான். ஏ2டிபி ஒருவழி: ஸ்டீரியோ, பெரும்பாலும் நொடிக்கு 44,100 சாம்பிள். மைக்கும் வேணும்னா எச்எஃப்பி: மோனோ, ஒரு பக்கத்துக்கு 64 கிலோபிட்தான். அதுல பழைய சிவிஎஸ்டி கோடெக் நொடிக்கு 8,000 சாம்பிள், எம்எஸ்பிசி 16,000.

அதனால ஹெட்செட்டும் கெடல, லினக்ஸும் கெடல. மீட்டிங் ஆப் ஹெட்செட் மைக்கைக் கேட்டதும், சிஸ்டம் எச்எஃப்பிக்கு மாறிடுது.

தீர்வு ஒரு நிமிஷ வேலை. மீட்டிங் ஆப்ல ஸ்பீக்கரா ஹெட்செட்டை வைங்க, மைக்கா லேப்டாப் மைக்கை வைங்க. ஏ2டிபி அப்படியே நிக்கும். டெஸ்க்டாப்னா ஒரு யூஎஸ்பி மைக் போதும். பக்கத்துல சத்தம் அதிகம், ஹெட்செட் மைக்தான் வேணும்னா, சவுண்ட் செட்டிங்ஸ்ல எம்எஸ்பிசி இருக்கிற ப்ரொஃபைலைத் தேர்ந்தெடுங்க. பைப்வயர் ஓடுற சிஸ்டத்துல இது கிடைக்கும். ஃபெடோரா 2021-லயும் உபுண்டு 2022-லயும் அதுக்கு மாறிடுச்சு.

இன்டர்வியூக்கு முந்தின நாளே உங்க குரலை ரெக்கார்ட் பண்ணிக் கேட்டுப் பாத்துடுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.