வல்லூறு அல்ல, அக்காக்குயில்

பறவை ஆர்வலர்களின் இணையக் குழுக்களில் அடிக்கடி காணக்கூடிய காட்சி இது. புதிதாகச் சேர்ந்த ஒருவர், கிளையில் அமர்ந்திருக்கும் சாம்பல் நிறப் பறவையின் படத்தைப் போட்டு "வல்லூறு" என்று எழுதுவார். கொஞ்ச நேரத்தில் யாராவது, "அலகையும் காலையும் கவனிங்க" என்று பதில் போடுவார். உற்றுப் பார்த்தால், வேட்டையாடும் பறவைக்குரிய வலுவான கொக்கி அலகு அதற்கு இல்லை. கால் விரல்களும் இரண்டு முன்னே, இரண்டு பின்னே என்று கிளையைப் பற்றியிருக்கும். வல்லூறுக்கோ மூன்று முன்னே, ஒன்று பின்னே. படத்தில் இருப்பது அக்காக்குயில். நிறத்திலும் வால் பட்டையிலும் பறக்கும் விதத்திலும் வல்லூறை அப்படியே ஒத்திருப்பதால், முதல்முறை பார்ப்பவர் தடுமாறுவது இயல்பு. பதில் சொன்னவர் பெயரை மட்டும் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டினார். இணையத்துப் பொழுதுபோக்குக் குழுக்கள் மனிதர்களுக்குச் செய்யும் பெரிய நன்மை இதில்தான் இருக்கிறது என்பது என் வாதம். பறவைகளைப் பற்றிய தகவல் புத்தகத்திலேயே கிடைக்கும். நம் கண்ணைத் திருத்த இன்னொரு கண் வேண்டும். அந்தத் திருத்தத்திலிருந்தே நட்பும் தொடங்குகிறது.

ஜீன் லேவ் என்ற மானிடவியலாளர் லைபீரியாவின் தையற்காரர்களிடையே ஆய்வு செய்தார். அங்கே தொழில் பழக வருபவர் முதலில் துணி வெட்டுவதில்லை. பொத்தான் தைப்பது, ஓரம் மடிப்பது என்று கடைசி வேலையில் ஆரம்பித்து, படிப்படியாகப் பின்னோக்கிப் போய், வெட்டுவதை இறுதியில் கற்கிறார். ஆனால் முதல் நாளே அவர் கை படுவது உண்மையான உடுப்பில். எட்டியென் வெங்கருடன் சேர்ந்து லேவ் 1991-இல் எழுதிய நூலின் மையக் கருத்தும் இதுதான்: வேலை தெரிந்தவர்களின் நடுவே, ஓரத்தில் நின்றாவது மெய்யான வேலையில் பங்கெடுக்கும்போதே மனிதர் கற்கிறார். கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் அமைப்பும் 2002-இல் தொடங்கிய, ஆர்வலர்கள் தாம் கண்ட பறவைகளைப் பட்டியலிடும் இ-பேர்டு தளம் ஏறக்குறைய அப்படித்தான் இயங்குகிறது. காக்கை, மைனா, மாடப்புறா மட்டுமே அடையாளம் தெரிந்தவர் போடும் பட்டியலும் அறிவியலுக்கான தரவுதான். ஜூன் மாதத்தில் ஒருவர் சென்னையில் ஊசிவால் வாத்தைக் கண்டதாகப் பதிந்தால், குளிர்கால விருந்தாளியான அது அப்போது எப்படி இங்கே என்று தளம் அதைத் தனியே எடுத்து வைக்கும். அந்த வட்டாரத்துப் பறவைகளை நன்கறிந்த தன்னார்வலர் ஒருவர், படம் உண்டா, எப்படி அடையாளம் கண்டீர்கள் என்று விசாரிப்பார்.

தெரியாதவர்கள் கூடித் தவறுகளைத்தானே குவிப்பார்கள் என்று கேட்கலாம். 2020-இல் வெளிவந்த 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை இதற்குப் பதில் தருகிறது. 15,500-க்கும் அதிகமான ஆர்வலர்கள் இ-பேர்டுக்கு அனுப்பிய 1 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளை வைத்து 867 இனங்களின் நிலையை அது மதிப்பிட்டது. சிட்டுக்குருவி நாடெங்கும் அழிந்துவருகிறது என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், பெருநகரங்களில் குறைந்திருந்தாலும் நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் அதன் எண்ணிக்கை ஏறத்தாழ நிலையாகவே இருக்கிறது என்று காட்டியது. கேட்டுக் கேட்டுத் திருத்தப்பட்ட கண்கள் இல்லாமல் இந்தத் தெளிவு வந்திருக்காது.

நட்பைப் பற்றிய ஐயம் இன்னும் ஆழமானது. முகம் தெரியாதவர் எப்படி நண்பராவார்? கேன்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரமும், நண்பராக 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் ஒன்றாகக் கழிக்க வேண்டியிருக்கிறது. வேலையிடத்தில் உடனிருந்த நேரத்துக்கு அத்தனை பலன் இல்லை. ஓய்வாகச் சேர்ந்திருந்த நேரமே கணக்கில் வந்தது. படிப்பு முடிந்து வேலை, குடும்பம் என்று ஆனபின் அத்தனை மணி நேரத்துக்கு எங்கே போவது? பொழுதுபோக்கு அதற்கு ஒரு காரணத்தை உண்டாக்கித் தருகிறது. திரையில் எழுதிக்கொள்வது நேரில் சந்திப்பதற்கு ஈடாகாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நல்ல குழுக்கள் திரையோடு நிற்பதில்லை. 2015 முதல் தமிழ்நாட்டில் நடந்துவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில், குழுவில் பெயராக மட்டும் அறிந்தவர்கள் விடியற்காலையில் ஒரே ஏரிக்கரையில் நிற்கிறார்கள். கல்லூரி மாணவியும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் ஒரே தொலைநோக்கியை மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். வயதும் வருமானமும் வேறுபட்டவர்கள் இப்படிக் கலந்து நிற்க நம் ஊர்களில் வேறு இடம் குறைவு.

எல்லாக் குழுவும் இப்படி இல்லை என்பதும் மெய். "இதுகூடத் தெரியாதா?" என்ற ஒரு பதில் போதும், வந்தவர் மறுபடி வாயே திறக்க மாட்டார். ஆகவே குழுவை நடத்துபவரின் பொறுமையைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன். கூட்டில் எடுத்த படங்களை ஏற்பதில்லை என்று பல குழுக்கள் விதி வைத்திருக்கின்றன. படத்துக்காகக் கூட்டை நெருங்கினால் தாய்ப்பறவை கூட்டைக் கைவிடக்கூடும் என்பதைப் புதியவருக்குக் கோபமில்லாமல் விளக்கவும் ஒருவர் வேண்டும்.

இப்போது வேறொரு கேள்வி எழுந்திருக்கிறது. மெர்லின் செயலி படத்தைப் பார்த்தே பெயரைச் சொல்கிறது. 2021 முதல் குரலைக் கேட்டும் சொல்கிறது. பிறகு குழு எதற்கு? அந்தச் செயலிக்குக் கற்றுக்கொடுத்தவையே ஆர்வலர்கள் படமெடுத்தும் பதிவுசெய்தும் பெயரிட்டும் சேர்த்த தொகுப்புகள்தான். பெயர் மட்டும் வேண்டுமென்றால் செயலி போதும். ஆனால் பெயர் கைக்கு வந்ததும் கேள்வி நின்றுவிடுகிறது. கேள்வி நின்றால் பதில் சொல்ல வருபவரும் இல்லை. செயலி "வல்லூறு" என்று சொன்ன பிறகும், எதனால் அப்படி என்று படத்தைக் குழுவில் போட்டுக் கேட்பவரே அலகையும் காலையும் பார்க்கக் கற்கிறார்.